அத்தியாயம் 7: பக்கத்துக் கம்பத்தைப் பார்த்து மனம் சோரும்போது

மாலை ஏழு மணி வகுப்பு. ஆறு கம்பங்கள், பன்னிரண்டு பேர், ஒரு கம்பத்துக்கு இருவர். அதில் ஒருவர் போன வாரம்தான் சேர்ந்தார். எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்று இன்னும் யோசித்துத்தான் பிடிக்கிறார். அவருடைய ஜோடி மூன்று வருடமாக வருகிறவர். தலைகீழாகத் தொங்கி, ஒரு முழங்கால் மடிப்பால் கம்பத்தைக் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, "கால் நேரா இருக்கா மேம்?" என்று கேட்கிறார். இருவருக்கும் ஒரே பாட்டு, ஒரே கண்ணாடி, ஒரே ஒரு மணி நேரம். கால அட்டவணையில் 'ஆல் லெவல்ஸ்' என்று போட்டிருக்கும் வகுப்பு இதுதான்.

இப்படி ஒரு வகுப்பு ஏன் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பத்தைச் சுற்றியும் ஒருவர் கால் நீட்டிச் சுழல்வதற்கு இடம் விட வேண்டும். அதனால் பெரிய கூடத்தில்கூடச் சில கம்பங்களைத்தான் நட முடியும். கூடத்துக்கு வாடகை இருக்கிறது, பயிற்சியாளருக்குச் சம்பளம் இருக்கிறது. அலுவலகம் முடித்து வருகிறவர்கள் கேட்பதோ அந்த மாலை நேரம் ஒன்றைத்தான். தொடக்கநிலைக்குத் தனியாக, இடைநிலைக்குத் தனியாக, மேல்நிலைக்குத் தனியாக மூன்று வகுப்பு வைத்தால் மூன்றிலும் பாதிக் கம்பம் காலியாகக் கிடக்கும். எனவே எல்லாரையும் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். புதியவருக்கு இதுதான் சிறந்த கற்பித்தல் முறை என்று யாரும் ஆராய்ந்து முடிவெடுத்ததில்லை. வாடகைக் கணக்கு அப்படி முடிவெடுக்க வைத்தது. இந்த ஏற்பாட்டில் உங்களுக்கு ஏற்படும் சிரமத்தின் ஒரு பகுதி ஏற்பாட்டிலேயே இருக்கிறது. அதை முழுக்க உங்கள் உடம்பின் கணக்கில் எழுதாதீர்கள்.

மூன்றாவது நான்காவது வாரத்தில் வீடு திரும்பும்போது பலருக்கும் ஒரே எண்ணம் வருகிறது: "இது எனக்கு வராது." சொல்வது ஒன்றாக இருந்தாலும் அதற்குக் காரணம் ஒன்றல்ல. சிலருக்குத் தோளில் இன்னும் வலு வரவில்லை. சிலருக்கு உள்ளங்கை வியர்த்து வழுக்குகிறது. சிலருக்கு வகுப்பில் பாதி நேரம் செய்வதற்கே ஒன்றுமில்லாமல் நின்றது. சிலருக்குக் கண்ணாடியில் குட்டை நிக்கரோடு தன்னைப் பார்ப்பதே பாரம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றையும் கலந்து 'நான் இதற்கு லாயக்கில்லை' என்று தீர்ப்பெழுதிவிட்டால் எதையும் சரிசெய்ய முடியாது. அதனால் வகுப்பு முடிந்து வண்டியை எடுக்கும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று எந்த நிமிடத்தில் மனம் இறங்கியது? பெரும்பாலும் அந்த நிமிடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியும். சரிசெய்ய வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது.

என் அனுபவத்தில், பாதிப் பேராவது சொல்லும் நிமிடம் 'இன்வெர்ட்', அதாவது தலைகீழாகப் போவது, தொடங்கும் நிமிடம். அதனால் இந்த அத்தியாயத்தில் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

இன்வெர்ட் என்னும் வாசல்

ஒரு மணி நேர வகுப்பு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நகர்கிறது. கால் மணி நேரம் உடம்பைச் சூடேற்றுவது, கொஞ்சம் வலுப் பயிற்சி, பிறகு அன்றைய வித்தை, கடைசியில் நீட்டல். சூடேற்றும்போது எல்லாரும் சமம். ஃபயர்மேன் ஸ்பின், சேர் ஸ்பின் போன்ற தொடக்கச் சுழற்சிகளிலும் பெரிய இடைவெளி தெரியாது. கம்பத்தில் ஏறுவதில் கொஞ்சம் தெரியும். "சரி, இன்வெர்ட் பண்ணி ஜெமினிக்குப் போங்க" என்று பயிற்சியாளர் சொல்லும்போது வகுப்பு இரண்டாகப் பிளக்கிறது. ஜெமினி, ஸ்கார்பியோ, பட்டர்ஃபிளை, பிறகு வரும் ஐஷா எல்லாமே தலைகீழாகப் போனவர்களுக்குத்தான். இன்வெர்ட் வராதவருக்கு அன்றைய பாடத்தின் முக்கால் பங்கு மூடிய கதவு.

அந்தக் கதவு ஏன் கனமானது என்று பார்ப்போம். கம்பத்துக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு கை மார்பு உயரத்திலும் மற்றது அதற்கு மேலும் பிடித்து, தோள்பட்டை எலும்புகளைக் கீழே இழுத்து, மேல் உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டே இடுப்பைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். கால்கள் வி எழுத்துபோல் விரிந்து கம்பத்தின் இரு பக்கமும் போகும். முதுகின் அகன்ற தசை, முன்கை, கையின் மேல் தசை, அடிவயிறு, இடுப்பை மடக்கும் தசை ஆகிய அத்தனையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். உங்கள் மொத்த எடையும் இரண்டு கைகளில் தொங்குகிறது. நம்மில் பெரும்பாலானவர்கள் பள்ளிப் பருவத்துக்குப் பிறகு எதிலும் தொங்கியதே இல்லை. அந்தக் கைகளிடம் நான்காவது வாரத்தில் இதைக் கேட்பது அநியாயம். இரண்டு மாதத்தில் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் ஆனவர்கள் அதைவிட அதிகம். ஒரு வருடம் கழித்துச் சுத்தமாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். இந்த வேறுபாட்டில் கூச்சப்பட எதுவுமில்லை. ஜிம்மில் புல்-அப் செய்து பழகியவருக்குத் தோள் தயாராக இருக்கும். சிறுவயதில் பரதம் கற்றவருக்கு அரைமண்டியில் இருந்த தொடை வலுவும் பாத நேர்த்தியும் சுழற்சிகளில் உதவும், தொங்குவதில் உதவாது. உயரமானவர் நீண்ட கால்களைத் தூக்க வேண்டியிருக்கிறது. கால் நீள நீள நெம்பு நீள்வதால் அவருக்கு அதே அசைவு கடினம். எடை கூடியவர் கூடுதல் எடையைத் தூக்குகிறார், எனவே கூடுதல் வலு வரும்வரை காத்திருக்க வேண்டும். இதெல்லாம் வெறும் கணக்கு. யாருடைய மன உறுதிக்கும் இது சான்றிதழ் இல்லை.

பக்கத்துக் கம்பத்தைப் பார்த்து அவசரப்படுகிறவர்கள் செய்வது ஒன்றுதான்: காலை உதைத்து எம்பி மேலே போகப் பார்ப்பார்கள். சில நேரம் போயும் விடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். எம்பும்போது தோள் தளர்ந்த நிலையில் இருக்கிறது. உடம்பின் எடை ஒரே குலுக்கலில் தோள்மூட்டின் சிறு தசைகளிலும் முழங்கையின் உள்பக்கத் தசைநாரிலும் விழுகிறது. தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசையை எலும்போடு கட்டும் நாருக்கு மாதக்கணக்காகும். 'இப்போது முடிகிறதே' என்று தசை சொல்லும், நார் இன்னும் தயாராகியிருக்காது. முழங்கையின் உள்பக்கம் கைக்குட்டையைப் பிழியும்போதுகூட வலிக்கத் தொடங்கினால், அது ஓய்வு கேட்கிறது என்று பொருள். அதைத் தள்ளிப்போட்டுத் தொடர்ந்தவர்கள் மாதக்கணக்கில் கம்பத்தைத் தொட முடியாமல் இருந்திருக்கிறார்கள்.

உதைக்காமல் போவதற்கு வழி இருக்கிறது. மற்றவர்கள் ஜெமினி செய்யும் அந்த இருபது நிமிடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலில் இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே கம்பத்தைப் பிடித்து, பாதம் தரையில் பட்டும் படாமலும் இருக்க, தோள்களைக் காதிலிருந்து விலக்கிக் கீழே இழுங்கள். கழுத்து நீள்வது கண்ணாடியில் தெரிய வேண்டும். இது வந்த பிறகு இரண்டு முழங்கால்களையும் மார்புக்குக் கொண்டுவந்து காற்றில் பந்துபோல் சுருண்டு நில்லுங்கள், இதற்குப் பெயர் 'டக் ஹோல்ட்'. முதல் நாள் ஒரு மூச்சு நேரம் நின்றால் போதும். மூன்று மூச்சு நிற்கும் நாள் வரும். அடுத்தது தரையில். கம்பத்தின் அடியில் தலை வரும்படி மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை உருட்டித் தூக்கிக் கால்களை விரியுங்கள். எடையின்றி அந்தப் பாதையை உடம்பு கற்றுக்கொள்ளும் இடம் இது. கடைசியாக, பயிற்சியாளர் இடுப்பைத் தாங்கி உங்களை மேலே வைத்துவிட, நீங்கள் மட்டும் மெதுவாக இறங்குங்கள். தூக்க முடியாத எடையையும் தசையால் கட்டுப்பாட்டோடு இறக்க முடியும். வலுவும் அதில் நன்றாக வளரும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தோளும் விலாவும் நன்றாக வலிக்கும். அது மூன்று நாளில் போகும் வலி. அந்த நாள்களில் இன்னொரு கடும் வகுப்புக்குப் போகாதீர்கள்.

இந்த நான்கையும் வாரம் இரண்டு வகுப்பில் செய்கிறவர் உண்மையாகவே அன்றைய பாடத்தைச் செய்கிறார். ஜெமினி செய்கிறவரும் ஒரு காலத்தில் செய்தது இதையே.

பயிற்சியாளரிடம் என்ன கேட்பது

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வகுப்பில் புரியாவிட்டால் ஆசிரியருக்குத் தொந்தரவு கொடுக்காமல் பின்வரிசையில் அமைதியாக இருப்பதை மரியாதை என்று நினைக்கிறோம். கம்ப வகுப்பில் அது உங்களுக்குத் தீங்கு. பன்னிரண்டு பேரைப் பார்க்கும் பயிற்சியாளரின் கண் இயல்பாகத் தலைகீழாகத் தொங்குகிறவர்மேல்தான் இருக்கும். விழுந்தால் அடிபடுவது அவர்தானே. தரையில் பத்திரமாக நிற்கும் நீங்கள் அவர் கவலைப் பட்டியலில் கடைசி. உங்களை அவர் ஒதுக்கவில்லை. நீங்கள்தான் குரல் கொடுக்க வேண்டும்.

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில் விஷயம் இருக்கிறது. "மேம், எனக்கு வரவே மாட்டேங்குது" என்றால், "வரும் வரும், ட்ரை பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். அதில் அன்பு இருக்கும், உதவி இருக்காது. மாறாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"மேம், எனக்கு இன்வெர்ட் இன்னும் வரலை. அவங்க ஜெமினி பண்ற வரைக்கும் நான் எதைப் பண்ணணும்?"

"டக் ஹோல்ட் பண்ணுங்க."

"எத்தனை தடவை? தோள் சரியா இருக்கான்னு முதல் தடவை மட்டும் பார்த்துச் சொல்றீங்களா?"

இந்த மூன்று வரி ஒரு வகுப்பையே மாற்றிவிடும். இப்போது உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, ஓர் எண்ணிக்கை இருக்கிறது, ஒரு திருத்தம் கிடைத்திருக்கிறது. பயிற்சியாளர் உங்களைவிட வயதில் சின்னவராக இருந்தாலும் கூச்சம் வேண்டாம். இந்தக் கேள்வி அவருக்கும் நிம்மதி.

நல்ல பயிற்சியாளர் கேட்காமலேயே ஒரு வித்தையை மூன்று படியாகப் பிரித்துக் கொடுப்பார். புதியவருக்குத் தரையில், அடுத்தவருக்கு ஒரு கால் தரையில், மூத்தவருக்கு முழுமையாக. கீழே தடித்த மெத்தை போட்டிருப்பார். யாரையும் முதல் தடவை தனியே தலைகீழாகப் போகவிட மாட்டார். இடது பக்கம், வலது பக்கம் இரண்டும் செய்யச் சொல்வார். பழக்கமில்லாத பக்கத்தில் மூத்த மாணவியும் தடுமாறுவார் என்பதை அப்போது நீங்களே பார்ப்பீர்கள். எனக்கு அந்த ஐந்து நிமிடம் எந்தப் பேச்சையும்விடப் பயனுள்ளதாகத் தோன்றும்.

தோல், வியர்வை, வலி

இதை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை, அதனால் எழுதுகிறேன். கம்பத்தில் நம்மைப் பிடித்து நிறுத்துவது பாதி வலு, பாதி தோல். பரவலாக இருக்கும் கம்பம் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள குரோம் பூச்சுக் கம்பம். துணி அதில் வழுக்கும், தோல்தான் பிடிக்கும். எல்லாரும் குட்டை நிக்கர் போடுவதற்குக் காரணம் அவ்வளவுதான். தொடையும் முழங்கால் மடிப்பும் இடுப்புப் பக்கமும் உலோகத்தைத் தொட்டால்தான் கம்பத்தில் உட்கார முடியும்.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஈரப்பதமே ஓர் எதிராளி. போன செவ்வாய் ஒட்டிய கை இந்தச் செவ்வாய் வழுக்கினால், நீங்கள் பின்னுக்குப் போய்விட்டீர்கள் என்று எண்ண வேண்டாம். காற்று மாறியிருக்கலாம், தூக்கம் குறைந்திருக்கலாம், மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் உங்களுக்கு அதிகம் வியர்க்கலாம். மாறாக, ஏசி கடுமையாக ஓடும் கூடத்தில் கம்பம் சில்லென்று இருந்தாலும் வழுக்கும். அப்போது கையாலும் தொடையாலும் தேய்த்துக் கம்பத்தைக் கொஞ்சம் சூடாக்க வேண்டும். வகுப்பு நாளில் உடம்பில் தேங்காயெண்ணெய், லோஷன் எதுவும் தடவாதீர்கள். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் அது கழுத்து வழியாகத் தோளுக்கு இறங்கி, உங்களுக்கு மட்டுமல்ல, அந்தக் கம்பத்தில் அடுத்து வருகிறவருக்கும் வழுக்கும். மோதிரம், வளையல் கழற்றிவிடுங்கள். கை அதிகம் வியர்ப்பவர்களுக்கு 'லிக்விட் சாக்' நல்லது. ஆல்கஹாலில் கலந்த மக்னீசியம் கார்பனேட் அது, காய்ந்ததும் கை வறண்டுவிடும். வறண்ட தோல்காரர்களுக்கு ஒட்டும் வகைப் பசை வேறு இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் பயன்படுத்துகிறார் என்று அதையே வாங்காமல், இரண்டையும் கொஞ்சம் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதன்முதலாகக் கம்பத்தில் கால் பின்னி உட்காரும்போது உள்தொடை எரியும். கண்ணில் நீர் வருமளவுக்கு எரியும். பக்கத்தில் மூத்தவர் அதே இடத்தில் உட்கார்ந்து சிரித்தபடி கையை விரிக்கிறார். அவருக்கு வலியைத் தாங்கும் மனம் இருக்கிறது, நமக்கு இல்லை என்று தோன்றும். அப்படியில்லை. திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டதில் அவருக்கு அந்த இடம் பழகிவிட்டது. போதாததற்குத் தொடையைச் சரியான கோணத்தில் அழுத்தத் தெரிந்துகொண்டார். சில வாரங்களில் உங்களுக்கும் அந்த எரிச்சல் குறையும். நீலநீலமாகக் கன்றிப்போன தடங்கள் முதல் மாதங்களில் அதிகமாகவே இருக்கும், பிறகு குறையும். ஆனால் விரல் மரத்துப்போவது, கையில் சுருக்கென்று மின்சாரம் ஓடுவது, மூட்டுக்குள் குத்துவது ஆகிய மூன்றும் பழகிப்போக வேண்டிய வலிகள் இல்லை. அந்த நொடியே இறங்கிவிடுங்கள், பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

யாரைப் பார்ப்பது

மனிதர் தன் திறமையை அளக்க நேரான அளவுகோல் இல்லாதபோது பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார் என்று 1954-ல் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதினார். கம்ப வகுப்பில் ஓட்டத்துக்கு இருப்பதுபோல் நிமிடக் கணக்கோ, ஜிம்மில் இருப்பதுபோல் கிலோ கணக்கோ இல்லை. இருப்பதெல்லாம் சுவர் நிறையக் கண்ணாடியும் பன்னிரண்டு உடம்புகளும். ஒப்பிடாதே என்று மனத்துக்குக் கட்டளை போட்டால் அது கேட்காது. யாரோடு ஒப்பிடுவது என்பதை மாற்றலாம்.

1977-ல் இன்னொரு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் முதலாவது, வலுவானதும் அதுதான். பிறர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. பிறர் சொல்லும் ஊக்கம் மூன்றாவது. உடம்பும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை நான்காவது. இரண்டாவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பார்க்கப்படுகிறவர் நம்மைப்போல் இருந்தால்தான் அந்தக் காட்சி நம்பிக்கை தரும். மூன்று வருடக்காரரின் வித்தை நமக்குச் சர்க்கஸ்போல் தெரிகிறது. அழகாக இருக்கிறது, ஆனால் நம் கதையாகத் தெரிவதில்லை. நமக்கு மூன்று மாதம் முன்னால் சேர்ந்தவர், நேற்றுத்தான் முதல்முறையாகக் காலை உதைக்காமல் தலைகீழாகப் போனவர், இன்னும் கொஞ்சம் நடுங்குகிறவர், அவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். எந்த வாரம் எது வந்தது, எதைச் செய்ததால் வந்தது என்று கேளுங்கள். அவருக்கு இன்னும் நினைவிருக்கும். மூத்தவருக்கு மறந்துபோயிருக்கும், அதனால்தான் அவர் "சும்மா இடுப்பைத் தூக்குங்க, வந்துடும்" என்கிறார்.

போட்டி உலகத்திலேயே இந்த ஒப்பீடு கிடையாது. 2009-ல் தொடங்கப்பட்ட சர்வதேச 'போல் ஸ்போர்ட்ஸ்' கூட்டமைப்பு, 2017-ல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் சங்கத்தில் பார்வையாளர் தகுதி பெற்றது. அதன் போட்டிகளில் திறன்நிலைக்குத் தனிப் பிரிவுகள், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு, ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னொன்று. தொடக்கக்காரரையும் தேர்ந்தவரையும் ஒரே தாளில் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்த நடுவர்களே முன்வருவதில்லை. ஏழு மணி வகுப்பில் நீங்கள் ஏன் அந்த வேலையைச் செய்ய வேண்டும்?

முதல் ஊற்றுக்கு வருகிறேன், அதாவது செய்து முடித்த அனுபவம். கலப்பு வகுப்பில் இது தானாகக் கிடைக்காது, நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் முன் கைபேசியில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: 'இன்று சேர் ஸ்பின்னில் முழங்கால் விரியாமல் இறங்க வேண்டும்', 'இன்று ஏறும்போது இரண்டாவது அடி வைக்க வேண்டும்'. வித்தையின் பெயரை எழுதாதீர்கள், அசைவை எழுதுங்கள். 'இன்வெர்ட்' என்று எழுதினால் வந்ததா, வரவில்லையா என்ற இரண்டு பதில்தான். அசைவை எழுதினால் பெரும்பாலும் வகுப்பு முடிவதற்குள் ஏதோ ஒரு பதில் கிடைத்துவிடும். மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில், ஒரே சுழற்சியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாதப் படத்தை முதல் மாதப் படத்தோடு வைத்துப் பாருங்கள், வேறு யாருடைய படத்தோடும் வேண்டாம். நம் முன்னேற்றம் வகுப்பில் நமக்குத் தெரிவதே இல்லை. நாம் முன்னேறும் அதே வாரங்களில் மற்றவர்களும் முன்னேறிவிடுவதால் இடைவெளி அப்படியே இருப்பதுபோல் தோன்றும்.

பார்வைகள்

சிலருக்கு வலுவோ தோலோ பிரச்சினையே இல்லை. வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறார்கள். 'ஃபிட்னஸ் கிளாஸ்' என்று பொதுவாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கம்பம் என்றதும் இரவு விடுதிக் காட்சி ஒன்றுதான் ஊருக்கு நினைவு வரும் என்ற பயம். அந்த மனச்சுமையோடு வகுப்பில் நிற்கும்போது ஒரு சிறு தோல்வியும், 'இதற்காகவா இத்தனை பொய்' என்று பெரிதாகிவிடும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த நடனத்தின் பெரும் பகுதி மேற்கத்திய இரவு விடுதிகளில் அந்தத் தொழிலைச் செய்த பெண்கள் உருவாக்கியது. இன்று வகுப்பில் நாம் கற்கும் பல சுழற்சிகளும் அவர்கள் உடம்பால் கண்டுபிடித்துப் பிறகு கற்றுக்கொடுத்தவை. அதற்காக வெட்கப்படத் தேவையில்லை, நன்றி சொல்லலாம். கம்பத்தில் மனிதர் ஏறிச் செய்யும் வித்தை அந்த ஒரே ஊற்றிலிருந்து மட்டும் வரவில்லை என்பதும் உண்மை. சீனச் சர்க்கஸில் கம்ப வித்தை இருக்கிறது. நம் விழுப்புரத்தில் பிள்ளைகள் மல்லர் கம்பம் பயில்கிறார்கள். ஆமணக்கெண்ணெய் பூசிய மரக்கம்பத்தில், உள்தொடையாலும் விரலிடுக்காலும் பிடித்துத் தொங்குகிறார்கள். கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் மல்லர் கம்பம் போட்டியாகவே நடக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஓர் அசைவைச் சிறு துண்டுகளாக்கி, எத்தனை பொறுமையோடு திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்று தெரியும்.

உடையில் கூச்சம் இருந்தால் சுழற்சி மட்டும் செய்யும் நாள்களில் நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு, உட்காரும் பயிற்சி வரும்போது மட்டும் நிக்கருக்கு மாறுங்கள். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் இருக்கும் கம்பத்தைக் கேட்டு வாங்குங்கள். வகுப்பில் யாராவது உங்களைப் படமெடுத்து இணையத்தில் போடுவார்களோ என்ற பயம் இருந்தால் முதல் நாளே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். அதை ஏற்க மறுக்கும் ஸ்டூடியோ உங்களுக்குத் தகுந்த இடம் இல்லை.

இருப்பதா, மாறுவதா

கலப்பு வகுப்பிலேயே இருந்தாக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டிப்போடவில்லை. நான் பொதுவாகச் சொல்வது, ஜோடியை முதலில் மாற்றிப் பாருங்கள், பிறகு பயிற்சியாளரை, பிறகு வகுப்பை. ஒரே கம்பத்தைப் பகிர்பவர் உங்கள் நிலைக்குப் பக்கத்தில் இருந்தாலே பாதிச் சோர்வு போய்விடும். அவர் சுழலும்போது நீங்கள் இளைப்பாறுவீர்கள், நீங்கள் சுழலும்போது அவர் பார்ப்பார். இறங்கும்போது தலை எங்கே இருந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்ல முடியும். வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் போனால் ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களிடம் இருக்கும். கடைசியில் ஓடிவருகிறவருக்கு மிச்சமிருக்கும் கம்பம்தான்.

தயாராகாதவரைத் தலைகீழாகப் போகச் சொல்லி வற்புறுத்துவது, மெத்தை போடாதது, எடையைப் பற்றிப் பேசுவது, கேட்ட பிறகும் மாற்றுப் பயிற்சி தராதது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த வகுப்பில் பொறுத்துப்போக வேண்டியதில்லை. இவை எதுவுமின்றி, எல்லாரும் அன்பாக இருந்தும், மேலே சொன்னதையெல்லாம் இரண்டு மூன்று மாதம் செய்து பார்த்தும் ஒவ்வொரு வகுப்புக்கு முன்னும் வயிற்றில் கல் விழுந்ததுபோல் இருந்தால், அந்த ஏற்பாடு உங்களுக்குச் சரிவரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பல ஸ்டூடியோக்கள் ஆறு அல்லது எட்டு வாரத் தொடக்கநிலைப் பேட்ச்சை வருடத்தில் சில தடவை தொடங்குகின்றன. எல்லாரும் ஒரே நாளில் கம்பத்தைத் தொடும் வகுப்பு அது. அடுத்தது எப்போது என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள். நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கும் வகுப்புகளில் மிச்சமிருப்பதை அதற்கு மாற்றித் தருவார்களா என்றும் சேர்த்தே கேளுங்கள். பேட்ச் முடிந்ததும் ஏழு மணி வகுப்புக்குத் திரும்பி வரலாம். அப்போது அங்கே புதிதாகச் சேர்ந்த ஒருவர், மூன்று மாதம் முன்னால் வந்தவர் யார் என்று தேடிக்கொண்டிருப்பார்.